தூக்க முடிந்தால் வா!

ஐரோப்பா டூர் போய்வந்த எவரையாவது பிடித்து, ‘அங்கே ரயிலெல்லாம் எப்படி சார்?’ என்று கேட்டுப் பாருங்கள். சத்தமே வராது, டாய்லெட் பளபளவென்று இருக்கும், ஜன்னல் வழியே சுவிஸ் மாடு தெரியும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஏதோ ரகசியம் மாதிரி ஒன்று சொல்வார்: ‘லக்கேஜுக்கு வெயிட்டே பார்க்க மாட்டான் சார். ஃபிளைட் மாதிரி 23 கிலோ, 25 கிலோன்னு பிடுங்கல் கிடையாது. எவ்வளவு வேணா ஏத்திக்கலாம்!’

டிராவல் ஏஜென்ட்டும் இதையேதான் சொல்வார். ரயில் பாஸை விற்கிற வரைக்கும் அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது.

இது முழுப் பொய் என்றால் பரவாயில்லை. முக்கால்வாசி உண்மை. லண்டன் - பாரீஸ் யூரோஸ்டாரில் சாதாரண டிக்கெட்டுக்கே இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை. நீளம் 85 செ.மீ.க்குள் இருந்தால் போதும், எடை கேட்பதில்லை. ஸ்பெயின்காரர்கள் மட்டும் கொஞ்சம் கறார், அதிவேக ரயிலில் மொத்தம் 25 கிலோ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் ரயில்வே விதிகளில் ஓர் அழகான சொல் இருக்கிறது: ‘ட்ராக்லாஸ்ட்’. கைப்பைக் கணக்கில் சேராத, ஆனால் ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய சுமை என்று அர்த்தம். எத்தனை கிலோ என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. உங்கள் தோளும் இடுப்பும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு.

இப்போது அந்த ‘லிமிட் கிடையாது’ என்பதைத் தமிழில் படியுங்கள். தூக்க முடிந்தால் வா, முடியாவிட்டால் வீட்டிலேயே இரு.

எனக்கு இது புரிந்தது ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒரு ஜங்ஷனில். ஊர் பெயர் வேண்டாம், அந்த ஊர் மேல் எனக்குத் தனிக் கோபம் ஒன்றும் இல்லை. நானும் மனைவியும், இரண்டு பெரிய பெட்டி, இரண்டு தோள்பை. ஒரு பெட்டியில் எங்கள் துணி. இன்னொன்றில், அங்கே வேலை பார்க்கும் மச்சினிக்காக பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், நடுவே ஒரு குட்டி கிரைண்டர். ஆமாம், கிரைண்டர். சிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர்?

ரயில் மாற 7 நிமிஷம். டிக்கெட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. இறங்கினோம், சரிவுப் பாதையில் உருட்டிக்கொண்டே சுரங்கப்பாதைக்குள் போனோம், அடுத்த பிளாட்பாரத்துக்கான லிஃப்ட்டைக் கண்டுபிடித்தோம். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று புரிய எனக்கு மொழி தேவைப்படவில்லை. எஸ்கலேட்டர் இல்லை. படிகள் இருந்தன. 34. பிறகு நிதானமாக எண்ணினேன், நேரம் நிறையக் கிடைத்தது.

‘ஏங்க, நீங்க ஒண்ணைத் தூக்கிட்டுப் போங்க, நான் இன்னொண்ணைப் பாத்துக்கறேன்’ என்றாள் மனைவி. ஒரு பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்தேன். அடுத்ததற்காகக் கீழே இறங்க வேண்டும். அப்போது மேலே இருப்பதை யார் பார்த்துக்கொள்வது? ஆளில்லாத பெட்டி என்றால் ஐரோப்பிய ஸ்டேஷன்களில் திருடனுக்கும் ஆசை, போலீஸுக்கும் பயம். பிரான்ஸில் இப்படி ஒரு பெட்டி தனியாகக் கிடந்தால் அந்தப் பகுதியையே காலி செய்து, வெடிகுண்டு நிபுணர் வரும்வரை ரயிலை நிறுத்திவிடுவார்கள். சின்ன வயதில் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் புதிர் போட்டிருப்பீர்கள். அதற்காவது விடை உண்டு. தனியாக இரண்டு பெட்டியோடு போகிறவருக்கு இந்தப் புதிரில் விடையே கிடையாது.

நான் இரண்டாவது பெட்டிக்காகக் கீழே வந்தபோது முதல் படியருகே ஒரு பாட்டி நின்றிருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் சக்கரம் வைத்த சின்னப் பை, நம் ஊரில் காய்கறிக் கடைக்கு எடுத்துப் போகும் அளவு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். ஏதாவது தேடுகிறாரோ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அழகான ஆங்கிலத்தில் பதில் வந்தது: ‘யாராவது இளைஞர் வருகிறாரா என்று பார்க்கிறேன்.’

எனக்கு நாற்பத்தேழு. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அந்தச் சுரங்கப்பாதையில் இளைஞன் நான்தான். அவர் பையைத் தூக்கினேன். மூன்று கிலோகூட இருக்காது. அதை மேலே வைத்துவிட்டு, திரும்ப வந்து எங்கள் பெட்டியைத் தூக்கி, பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

இந்தக் கதையைச் சென்னையில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். ‘உங்களை யார் சார் கிரைண்டர் தூக்கிட்டுப் போகச் சொன்னது? லைட்டா பேக் பண்ணணும்!’

இந்த ‘லைட்டா பேக் பண்ணு’ கோஷ்டிமேல்தான் என் கோபம். பயணப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ராத்திரி ஹோட்டல் வாஷ்பேசினில் துவைத்துக் காயப்போடு, உலகமே உன் காலடியில். எழுதுகிறவரின் படத்தைப் பார்த்தால், கழுதை மாதிரி உழைக்கக்கூடிய முதுகு. கூடவே கைக்குழந்தையோ, மூட்டுவலி மாமியாரோ, ஒரு மாதத்துக்கான மாத்திரை டப்பாவோ இருக்காது. மைனஸ் இரண்டு டிகிரியில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்று பார்த்தவராகவும் தெரியாது.

அளவாகக் கொண்டுபோவது நல்ல யோசனைதான். அடுத்த முறை கிரைண்டரை விட்டுவிட்டுத்தான் போவேன். ஆனால் அந்த யோசனை ஒரு தீர்ப்பாக மாறுகிறதே, அதுதான் தப்பு. உன்னால் ஏற முடியவில்லையா, உன் பெட்டி கனம், உன்மேல்தான் குற்றம். படி ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று கிலோ பையோடு நின்ற பாட்டி எதைக் குறைத்திருக்க வேண்டும்?

இந்தப் படிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்பு ஐரோப்பாவிலும் போர்ட்டர்கள் இருந்தார்கள். பிரான்ஸில் ‘போர்ட்டர்’, நம் வார்த்தைக்கே தாத்தா. இத்தாலியில் ‘ஃபக்கீனோ’. ஜெர்மனியில் ‘கெபெக்ட்ரேகர்’. ரயிலோடு பெட்டிகளுக்கென்றே தனி வேன் வந்தது. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம். பிறகு சம்பளம் ஏறியது, ஆட்கள் குறைந்தார்கள், லக்கேஜ் வேன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இன்றைக்கு ஜெர்மனியில் போய் ‘கெபெக்ட்ரேகர்’ எங்கே என்று கேட்டால் சைக்கிள் கடைக்கு வழி காட்டுவார்கள். சைக்கிள் பின்னால் இருக்கும் கேரியருக்கு அதுதான் பெயர்.

நடுவில் சக்கரம் வந்தது. பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் 1970இல் சூட்கேஸுக்குச் சக்கரம் வைக்க யோசித்து 1972இல் பேட்டன்ட் வாங்கினார். அதில் பெட்டியைப் படுக்கை வாட்டில் நாய்க்குட்டி மாதிரி வாரால் இழுக்க வேண்டும். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி நிமிர்த்திச் சாய்த்து இழுக்கும் இன்றைய பெட்டியைச் செய்தார். மனிதன் நிலாவில் கால் வைத்த பிறகுதான் பெட்டிக்குச் சக்கரம் வைத்தான் என்று பேச்சாளர்கள் கைதட்டல் வாங்குவது இதை வைத்துத்தான். ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டு பேரும் மனதில் வைத்திருந்தது விமான நிலையம். வழவழப்பான சமதரை. படிக்கட்டில் சக்கரப் பெட்டி சாதாரணப் பெட்டியைவிட மோசம். சக்கரமும் இழுக்கும் கம்பியும் சேர்ந்து காலியாக இருக்கும்போதே மூன்று நான்கு கிலோ இழுத்துவிடும்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது, செலவு காணாமல் போகாது, ஒரு கணக்கிலிருந்து இறங்கினால் இன்னொரு கணக்கில் ஏறியிருக்கும் என்று. ரயில்வேக்களின் கணக்கில் போர்ட்டர் சம்பளம், வேன், லக்கேஜ் ஆபீஸ் எல்லாம் மிச்சமாகியிருக்கிறது. அது எங்கே ஏறியிருக்கிறது? பாட்டியின் முழங்காலில். என் மனைவியின் இடுப்பில். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அதற்குத் தலைப்பு கிடையாது.

‘நம்ம ஊர் மட்டும் என்ன வாழுதாம்?’ என்பீர்கள். ஒன்றும் வாழவில்லை. ஸ்லீப்பர் கோச்சில் ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்று விதி, எடைபோட்டுப் பார்த்தவர் யார்? நம் ரயிலிலும் படி உண்டு. அதை நாம் சிவப்புச் சட்டை போட்ட ஒருவரின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவருக்கு ‘சஹாயக்’ என்று பெயர் மாற்றினார்கள், பாரம் மாறவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் போர்ட்டரை எடுத்த ஐரோப்பா, படியையும் எடுத்திருக்க வேண்டாமா?

எடுப்பது முடியாத காரியம் என்றால் விட்டுவிடலாம். தண்டவாளத்திலிருந்து பிளாட்பாரம் 55 செ.மீ. அல்லது 76 செ.மீ. உயரம் என்று ஐரோப்பிய யூனியன் இரண்டு அளவு வைத்திருக்கிறது. ஜெர்மனியிலேயே ஓர் ஊரில் 55, இன்னோர் ஊரில் 76. பழைய ஸ்டேஷன்களில் இதைவிடத் தாழ்வு. அதிவேக ரயில்கள் பலவற்றின் தரையோ ஒரு மீட்டருக்கு மேல். இந்த வித்தியாசம்தான் கதவுக்குள் இருக்கும் குறுகலான இரண்டு மூன்று படி. ரயில் நிற்பது சில ஸ்டேஷன்களில் இரண்டே நிமிஷம். பின்னால் பத்துப் பேர் நெருக்குவார்கள். பெட்டியை முதலில் ஏற்றுவதா, ஆள் முதலில் ஏறுவதா என்று யோசிக்க அவகாசம் கிடையாது.

ஆனால் ஸ்பெயினில் டால்கோ கம்பெனி 1950லேயே தாழ்வான தரை வைத்த ரயிலை மாட்ரிட்டிலிருந்து பிரெஞ்சு எல்லைக்கு ஓட்டிக் காட்டிவிட்டது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுவிட்சர்லாந்தில் 2019 முதல் ஓடும் ஜிருனோ என்ற ரயிலில் 55க்கு ஒரு கதவு, 76க்கு ஒரு கதவு என்று இரண்டுமே வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸைக் குடைந்து இத்தாலிக்குப் போகும் ரயில் அது. அதே நாட்டில் பெட்டியை ஒரு ஸ்டேஷனில் ஒப்படைத்து இன்னோர் ஊர் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளும் வசதி இன்னும் இருக்கிறது. காசு உண்டு, பெட்டி வந்துசேர இரண்டொரு நாள் ஆகும், இருந்தாலும் இருக்கிறது. மனசு வைத்த இடத்தில் நடந்திருக்கிறது.

மனசு வைக்காத இடத்தில் என்ன செய்கிறார்கள்? அபராதம் போடுகிறார்கள். பிரான்ஸின் டிஜிவி ரயில்களில் 2024இல் புது விதி வந்தது. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 70×90×50 செ.மீ.க்குள், கூட ஒரு சின்னப் பை. மீறினால் 50 யூரோ. நடைபாதையை அடைத்து வைப்பவர்களால் மற்றவர்களுக்குத் தொல்லை என்பது வாஸ்தவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிஜிவியில் டபுள் டெக்கர் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? 1996லிருந்து ஓடுகிறது. ஏறுவது கீழ்த்தளத்தில், நல்ல தாழ்வான வாசல், சந்தோஷம். ஆனால் ஒரு கோச்சிலிருந்து அடுத்த கோச்சுக்குப் போகும் வழி மேல்தளத்தில்! அவசரத்தில் கோச் மாறி ஏறிவிட்டால், பெட்டியோடு குறுகிய படியில் மேலே ஏறி, கடந்து, மறுபடி கீழே இறங்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே கதவை மூடிவிடுவார்கள் என்பதால் கோச் மாறி ஏறுவது அபூர்வமும் இல்லை. இதை வரைந்த இன்ஜினீயருக்கு யாராவது 50 யூரோ அபராதம் போட்டார்களா?

அப்படி ஒரு தடவை போட்டிருக்கிறார்கள், ரயிலுக்கு இல்லை, பாலத்துக்கு. வெனிஸ் ஸ்டேஷனையும் பஸ்களும் கார்களும் வந்து நிற்கும் சதுக்கத்தையும் இணைக்க 2008இல் சான்டியாகோ கலாட்ராவா ஒரு பாலம் கட்டினார். உலகப் புகழ் ஆர்க்கிடெக்ட். பாலம் பார்க்க தேவலோகம், கால் வைக்கும் இடமெல்லாம் கண்ணாடிப் படி. ஊரெல்லாம் பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் இடத்தில் கண்ணாடிப் படி! வழுக்கி விழுந்தவர்கள் பலர். வீல்சேருக்கு வழியே இல்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு கூண்டு மாட்டினார்கள், அது பெரிதாக உதவாமல் 2020இல் கழற்றி எடுத்தார்கள். 2019இல் இத்தாலியத் தணிக்கை நீதிமன்றம் கலாட்ராவாவை 78,000 யூரோ கட்டச் சொன்னது. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

‘முடியாதவர்களுக்கு உதவி உண்டே’ என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். உண்டு. 2023 ஜூன் 7 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய யூனியன் விதிப்படி, உடல் ஊனமுற்றோரும் முதியோரும் முன்கூட்டிச் சொன்னால் ஏறி இறங்க ஆள் அனுப்ப வேண்டும். பொதுவாக 24 மணி நேரம் முன்பு. அதற்கு முந்தைய விதியில் 48. முன்னேற்றம்தான். ஆனால் லிஃப்ட் கெட்டுப்போவது 24 மணி நேரம் முன்பு சொல்லிவிட்டா? எழுபத்தைந்து வயதில் நன்றாக நடமாடுகிற ஒருவர், ஒரே ஒரு படிக்கட்டுக்காக, ‘நான் இயலாதவள்’ என்று முந்தின நாளே போன் செய்து பதிவு செய்ய வேண்டுமா? அந்தப் பாட்டியிடம் இதைக் கேட்டேன். ‘எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே’ என்றார், கொஞ்சம் கோபமாக.

அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி தோள்பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். பாட்டி ஒன்றை எடுத்து, நாலாபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தார்.

மாதம் ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போகிறாராம். முன்பெல்லாம் பெரிய பெட்டி. தோட்டத்தில் ப்ளம் மரம் இருக்கிறது, பேரனுக்கு அந்த ஜாம்தான் பிடிக்கும், அதனால் வருஷம் முழுக்க மாதத்துக்கு நாலு பாட்டில் கொண்டுபோவாராம். கண்ணாடி பாட்டில், நல்ல கனம். கை வலிக்க ஆரம்பித்ததும் இரண்டு பாட்டில் ஆனது. பிறகு ஒன்று. போன வருஷத்திலிருந்து ஒன்றும் இல்லை.

‘அப்போ பேரனுக்கு?’ என்று கேட்டாள் மனைவி.

‘அங்கே இறங்கி, ஸ்டேஷன் வாசல் கடையில் வாங்கிக்கொண்டு போகிறேன். அவனுக்கு வித்தியாசம் தெரியும். சொல்ல மாட்டான்.’

மனைவி என்னைப் பார்த்தாள். கிரைண்டரைப் பற்றி அதற்கப்புறம் அந்தப் பயணம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரயில் வந்தது. நான் எழுந்து பாட்டியின் பையை எடுக்கக் குனிந்தேன். கதவு திறந்தது. சின்ன ஊர்களுக்குப் போகும் லோக்கல் ரயில், புதுசு, தாழ்தளம். பிளாட்பாரமும் ரயில் தரையும் ஒரே மட்டம், நடுவே ஒரு பலகை தானாக நீண்டு வந்து இடைவெளியை மூடியது. பாட்டி என் கையிலிருந்து பையை வாங்கி, தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் இருப்பதே ஞாபகம் வந்து கையசைத்தார்.